நுண்ணுயிரின் மெல்லிய போர்வை

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் சிற்றாற்றுப் பாசனத்தில் கார் நெல் விதைப்போர் விதையுடன் அசோஸ்பைரில்லம் கலப்பதுண்டு. இந்த பாக்டீரியாவின் உயிரைக் காப்பது கொழுப்பும் புரதமும் சேர்ந்த செல் சவ்வு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இத்தனை மெல்லிய சவ்வை ஆராய உதவுவது, சர் சி.வி. இராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு. வெள்ளி அல்லது தங்கம் பூசிய நுண்ணூசி முனையில் ஒளியைக் குவித்து, சிதறும் ஒளியின் நிறமாற்றத்தைக் கொண்டு கொழுப்பு எங்கே, புரதம் எங்கே என்று வரைபடம் எடுக்கிறார்கள்.

தாமிரம் கலந்த பூசணக்கொல்லிகள் இச்சவ்வைச் சிதைக்கும். ஆகவே, பூசணக்கொல்லியையும் உயிர் உரத்தையும் ஒருசேர விதையில் கலக்கக் கூடாது. முதலில் பூசணக்கொல்லி, 24 மணி நேரம் கழித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்த உயிர் உரம். பின்பு 30 நிமிடம் நிழலில் உலர்த்தி விதைக்கவும்.