பிள்ளைகளுக்கு ரண சிகிச்சை: பொறுக்கலாவதும் பொறுக்கலாகாததும்



தவணை என்றால் என்னவென்று வியாபாரிக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இந்தப் பாக்கியைப் பொறுத்து வாங்கலாம், இதற்கு நாள் குறித்திருக்கிறது, இதை இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் சரக்கு கைவிட்டுப் போகும் என்று மூன்று விதமாகப் பிரித்து வைத்துத்தான் நாம் கடை நடத்துகிறோம். பிள்ளைகளுக்கு வரும் ரண சிகிச்சைக்குரிய குறைகளும் இவ்வாறே மூன்று வகைப்படும். ஆனால் வீட்டு விஷயத்தில் மட்டும் நாம் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. பொறுக்கத் தக்கதற்கு அஞ்சி நடுங்குகிறோம். பொறுக்கத் தகாததை "பெருநாள் முடியட்டும்", "ஊருக்குப் போகும்போது காட்டலாம்" என்று தள்ளிப் போடுகிறோம்.

நான் வைத்தியம் படித்தவன் அல்லன். மதரஸாவிலும் ஆரம்பப் பாடசாலையிலும் படித்துவிட்டுக் கடையில் அமர்ந்தவன். பிள்ளைகளை வளர்த்ததிலும், டாக்டர்களிடம் கேட்டறிந்ததிலும் தெரிந்துகொண்டவற்றை, நம் வீடுகளுக்குப் பயன்படும் என்ற நோக்கத்தோடு வரிசைப்படுத்தி எழுதுகிறேன். டாக்டரின் ஆலோசனைக்கு இது ஈடாகாது. டாக்டரிடம் எப்பொழுது போகவேண்டும் என்பதைச் சொல்வதே இதன் வேலை.

ஒரு வாசல், மூன்று குறைகள்

ஆண் சிசு கருவில் இருக்கும்போது அதன் விதைகள் வயிற்றுக்குள்ளேதான் உருவாகின்றன. பிறப்பதற்கு முந்திய மாதங்களில் அவை தொடையிடுக்கு வழியாகக் கீழே இறங்கிப் பைக்குள் வந்து சேரும். அவை வந்த வழி பிறகு மூடிக்கொள்ளும். இந்த ஒரு காரியம் சரியாக முடியாததால் மூன்று குறைகள் உண்டாகின்றன. வழி சிறிது திறந்து நீர் மட்டும் இறங்கினால் அது விதைப்பையில் நீர்க்கட்டு, அதாவது ஓதம். வழி அகலமாகத் திறந்து குடலே நழுவி வந்தால் அது குடலிறக்கம். மலாய்க்காரர் இதைப் புருத் என்பர். விதை பாதி வழியில் நின்றுவிட்டால் அது விதை இறங்காமை. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவை மூன்றுக்கும் தவணை வேறு வேறு.

முதலாவது: பொறுக்கத் தக்கவை

பிறந்த குழந்தையின் ஓதத்தில் வலி இராது. ஒன்று அல்லது இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் நீர் தானே வற்றிவிடும். அதன் பின்னும் நின்றால்தான் ரண சிகிச்சை.

தொப்புள் பிதுங்கி நிற்பதும் இவ்வகையே. குழந்தை அழும்போது அது பெரிதாவதைக் கண்டு தாய்மார் கலங்குவர். நாலைந்து வயதுக்குள் பெரும்பாலானவை தாமாக மூடிக்கொள்ளும். தொப்புளின்மேல் காசு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அதனால் துவாரம் விரைவில் மூடுவதில்லை. தோல் புண்ணாகிச் சீழ் பிடிப்பதுதான் கண்ட பலன். காசைக் கல்லாவிலேயே போட்டு வைப்பது நலம்.

தொண்டைச் சதை, அதாவது டான்சில், வீங்கிய பிள்ளைகளுக்கெல்லாம் அதை எடுத்துவிட வேண்டும் என்பதும் இல்லை. அடிக்கடி காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் வந்தாலோ, இரவில் பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலோ டாக்டரிடம் காட்டித் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது: தவணை உள்ளவை

குடலிறக்கம்: தொடையிடுக்கில் ஒரு வீக்கம், அழும்போதும் முக்கும்போதும் தோன்றும், படுத்தால் மறையும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அதிகமாக வரும். ஆண் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் வந்தாலும் பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. இது ஓதத்தைப் போலத் தானே மாறாது. கச்சை கட்டினாலும் எண்ணெய் பூசினாலும் மூடாது. மருந்து ரண சிகிச்சை ஒன்றே. குழந்தை சிறியதாயிருக்க இருக்க, குடல் அந்த வழியில் சிக்கி நெரிபடும் ஆபத்தும் அதிகம். ஆகையால் "வளர்ந்த பிறகு பார்ப்போம்" என்பது இங்கே தலைகீழான கணக்கு. கண்டவுடன் டாக்டரிடம் காட்டி நாள் வாங்கிவிட வேண்டும்.

விதை இறங்காமை: நிறைமாதத்தில் பிறந்த ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு மூவர் அளவில் இக்குறை காணப்படும். அவர்களில் பலருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் தானே இறங்கிவிடும். ஆறு மாதம் கடந்தும் இறங்காவிடில் ஒரு வயதை ஒட்டி, எப்படியும் 18 மாதத்துக்குள், இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது இன்றைய வைத்தியர்களின் முடிவு. வயிற்றின் சூடு விதைக்கு ஆகாது. மேலேயே விட்டுவிட்டால் பிற்காலத்தில் சந்ததிக்குக் குறைவு வரலாம்; புற்றுநோய் காணும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். குளிர்ந்திருக்கும்போது விதை மேலே ஏறிக்கொள்வது சில பிள்ளைகளுக்கு இயல்பு. வெந்நீரில் குளிப்பாட்டும்போது பைக்குள் இரண்டும் தட்டுப்படுகின்றனவா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்; சந்தேகம் இருந்தால் டாக்டர் தொட்டுப் பார்க்கட்டும்.

சுன்னத்துக்கு முன் பார்க்க வேண்டியது: நம்மவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இது. சில ஆண் பிள்ளைகளுக்கு மூத்திரத் துவாரம் நுனியில் இராமல் அடிப்பக்கத்தில் இருக்கும். முன்தோலும் அடிப்பக்கம் குறைந்து மேற்பக்கம் மட்டும் முக்காடுபோல் கவிந்திருக்கும். உறுப்பு கீழ்நோக்கி வளைந்தும் இருக்கலாம். சில நூறு ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு இது உண்டு என்பதால் அபூர்வமான குறையன்று. இதைக் கண்டு "பிறவியிலேயே சுன்னத் ஆன பிள்ளை" என்று மகிழ்வோரும் நம்மில் இருக்கிறார்கள். மகிழ்வதற்குமுன் துவாரம் எங்கே இருக்கிறதென்று பார்க்க வேண்டும். துவாரத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும் டாக்டருக்கு அந்த முன்தோலே தையலுக்கு வேண்டிய துணி. அவர் பார்ப்பதற்குமுன் சுன்னத் செய்துவிட்டால் தைக்க வைத்திருந்த துணியை வெட்டி எறிந்ததாகும். எனவே இக்குறையுள்ள பிள்ளைக்குச் சுன்னத்தை நிறுத்தி வைத்து, குழந்தைகளுக்குரிய ரண சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். ஆறு மாதம் முதல் 18 மாதத்துக்குள் இதைச் சீர்செய்வது வழக்கம். பெரும்பாலும் அப்போதே சுன்னத்தும் நிறைவேறிவிடும்.

இது நமக்குப் புதிய அறிவும் அன்று. குர்துபாவைச் சேர்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் எழுதிய 30 பாகமுள்ள அத்தஸ்ரீஃப் என்னும் நூலின் கடைசிப் பாகத்தை ரண சிகிச்சைக்கே ஒதுக்கினார். கருவிகளின் படங்களோடு கூடிய அப்பாகத்தில் சுன்னத்தைப் பற்றியும், மூத்திரத் துவாரம் அடைபட்டோ இடம் மாறியோ பிறந்த பிள்ளைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பள்ளி விடுமுறையில் பத்துப் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சுன்னத் வைக்கும் பெரியவர்கள், நாள் குறிக்கும் முன்பே ஒவ்வொரு பிள்ளையையும் டாக்டர் ஒருவர் பார்த்துவிட ஏற்பாடு செய்யலாகாதா? குடும்பத்தில் எவருக்கேனும் இரத்தம் எளிதில் நில்லாத வியாதி இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும்: கிரகணத்தில் தாய் வெளியே வந்ததால் இது உண்டாயிற்று என்று பழிப்பது தவறு. கருவில் முதல் மூன்று மாதங்களுக்குள் முகம் பொருந்திச் சேரும் வேளையில் நேர்ந்துவிடும் குறை இது, தாய்மேல் குற்றமில்லை. மூன்று முதல் ஆறு மாதத்தில் உதட்டையும், ஏறக்குறைய ஒரு வயதில் அண்ணத்தையும் சேர்ப்பார்கள். அண்ணத்தைத் தாமதித்தால் பேச்சு கெடும். அதுவரை பால் புகட்டுவதற்குரிய தனிப் புட்டிகள் இருக்கின்றன.

மஞ்சட்காமாலை: இதன் தவணை மிகக் குறுகியது. பிறந்த குழந்தைகள் பலருக்கு மஞ்சள் கண்டு சில நாட்களில் மாறும். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு அல்லது களிமண் நிறத்தில் வெளுத்துப் போனால் இளவெயிலில் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஈரலிலிருந்து பித்தநீர் வரும் குழாய் அடைபட்டிருக்கலாம். ஜப்பானிய டாக்டர் மொரியோ கசாய் 1955இல் செய்து காட்டிய ரண சிகிச்சை இதற்கு உண்டு. ஆனால் அறுபது நாட்களுக்குள் செய்தால்தான் பலிக்கும் வாய்ப்பு அதிகம். பிந்தினால் ஈரல் கெட்டு, வேறு ஈரல் மாற்றிவைக்க வேண்டிய நிலை வரும். குழந்தையின் மலத்தின் நிறத்தை நாள்தோறும் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

மூன்றாவது: இப்பொழுதே

பின்வருபவற்றுக்கு நாளை என்பதே கிடையாது. இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

1. குடலிறக்க வீக்கம் உள்ளே போகாமல் கல்போல் இறுகி, குழந்தை ஓயாது அழுது வாந்தி எடுத்தல்.

2. சிசு பச்சை நிறமாக வாந்தி எடுத்தல். குடல் முறுக்கிக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம்.

3. பிறந்து இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் பால் குடித்த ஒவ்வொரு முறையும் எட்டிப் பீச்சியடிப்பதுபோல் வாந்தி எடுத்து, மீண்டும் பசித்து அழுதல். இரைப்பையின் வாயில் தடித்து அடைபடுவது காரணம். முதலில் உடலில் வற்றிய நீரையும் உப்பையும் ஈடுசெய்துவிட்டு, பிறகு தடித்த சதையை மட்டும் கீறிவிடுவார்கள்; பிள்ளை விரைவில் பால் குடிக்கும்.

4. ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளை திடீரென்று காலை மடக்கி வீறிட்டு அழுது, சிறிது ஓய்ந்து, மறுபடியும் அழுதல். பிறகு சிவந்த ஜெல்லிபோல் மலம் போதல். குடலுக்குள் குடல் செருகிக்கொண்டிருக்கலாம். "உரம் விழுந்துவிட்டது" என்று எண்ணெய் தடவி உருவுவது இங்கே நேரத்தைக் கெடுப்பதோடு ஆபத்தும் ஆகும். வேளையோடு போனால் கத்தி வைக்காமலே, ஆசனவாய் வழியாகக் காற்றோ மருந்து நீரோ செலுத்திக் குடலை விடுவிக்க முடிகிறது. தாமதித்தவர்களுக்கே பெரும்பாலும் கத்தி.

5. ஆண் பிள்ளைக்கு விதையில் திடீர் வலி. விதை முறுக்கிக்கொண்டால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும். பிந்தினால் விதை செத்துப் போகலாம். பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிள்ளைகள் வெட்கப்பட்டு "வயிறு வலிக்கிறது" என்று மட்டும் சொல்வார்கள். வாப்பாவிடம் இதை மறைக்க வேண்டியதில்லை என்று முன்னமே சொல்லி வைப்பது தகப்பனின் கடமை.

6. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, காய்ச்சல், வாந்தி, உணவில் வெறுப்பு. குடல்வால் அழற்சியாக இருக்கலாம். இதற்கு விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுக்கவே கூடாது. குடல்வால் வெடிக்கக் கூடும். குடல்வாலை எடுத்துப் பிழைக்க வைத்ததாகப் பதிவான முதல் ரண சிகிச்சை 1735இல் லண்டனில் நடந்தது. கிளாடியஸ் அமியாண்ட் என்ற டாக்டர் அதைச் செய்தார். பிழைத்தவன் பதினோரு வயதுச் சிறுவன். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அது நடந்ததென்றால், சிறு துவாரங்கள் வழியாகவே முடித்துவிடும் இக்காலத்தில் நாம் அஞ்சி ஒளிவது நியாயமா?

ரண சிகிச்சை நாளன்று

மயக்க மருந்து கொடுக்கும் வேளையில் வயிறு காலியாக இருக்க வேண்டும். உணவும் புட்டிப் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் நாலு மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது பொதுவான வழக்கம். ஆஸ்பத்திரியில் சொல்லும் நேரமே இறுதியானது. பிள்ளை அழுகிறதே என்று பெத்தும்மா இரக்கப்பட்டு ஒரு வாய் பால் கொடுத்துவிடுவது உண்டு. மயக்கத்தில் அந்தப் பால் ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வேறு நாள் குறிப்பார்கள், அவ்வளவுதான். சளியோ காய்ச்சலோ இருந்தாலும் சொல்ல வேண்டும்.

செலவைப் பற்றி: சிங்கப்பூரில் பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2015 நவம்பர் முதல் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி உண்டு, பெற்றோர் தங்கள் மெடிசேவ் பணத்தையும் பிள்ளைக்காக உபயோகிக்கலாம். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணம் சொற்பமே. சிங்கப்பூர் கேகே ஆஸ்பத்திரியிலும், கோலாலம்பூர் துங்கு அசிசா ஆஸ்பத்திரியிலும், சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் பிள்ளைகளுக்கென்றே ரண சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. அவசரத்துக்குச் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

முடிவாக ஒரு வேண்டுகோள்

நம்மில் பலருக்குக் கடை இங்கே, மனைவி மக்கள் ஊரிலே. பிள்ளைக்கு ஒன்றென்றால் "அவுக கிட்டே கேட்டுக்கிட்டுத்தான்" என்று வீட்டார் காத்திருப்பர். இங்கேயோ வாடிக்கையாளர் கூட்டத்தில் தொலைபேசி எடுக்கப்படாமல் கிடக்கும். முறுக்கிய விதைக்கும் நெரிபட்ட குடலுக்கும் அந்தக் காத்திருப்புத் தெரியாது. மூன்றாவது வகையில் எழுதிய ஆறில் எது வந்தாலும், என் உத்தரவை எதிர்பாராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ, டாக்டர் கேட்குமிடத்தில் கையெழுத்துப் போடு, பணத்துக்கு நான் பொறுப்பு என்று இன்றிரவே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியும் வையுங்கள்.

கடையை ஒரு நாள் அடைத்தால் ஒரு நாள் வியாபாரம் போகும்; மறுநாள் வரும். பிள்ளையின் தவணை ஒரு முறைதான் வரும்.