வெளிச்சம் மலிவு, ஓ-ரிங்தான் விலை

“நம்ம ஊர்ல கடலே இல்லையேடா, தண்ணிக்குள்ள அடிக்கிற டார்ச்சு உனக்கு எதுக்கு?” என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். தேன்கனிக்கோட்டையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் 200 கிலோமீட்டருக்கு மேல். எங்களுக்குத் தெரிந்த டார்ச் எல்லாம் ராகிக் கொல்லைப் பரணில் உட்கார்ந்து யானை வருகிறதா என்று பார்க்கிற டார்ச். மழை முடிந்து கதிர் முற்றும் நேரத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி காட்டு வழியாக யானைக் கூட்டம் இறங்கும். அறுத்துக் களத்துக்குக் கொண்டுவரும் வரை தூக்கம் கிடையாது. அந்தக் காவலுக்கு அப்பா வைத்திருப்பது மூன்று கட்டை டார்ச். என் வயதைவிட அதற்கு வயது அதிகம்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறையில் சி.என்.சி. லேத் ஓட்டுகிறேன். வால்வு பாகங்களில், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளம் வெட்டுவது அன்றாட வேலை. கூட வேலை செய்யும் நண்பன் இழுத்துக்கொண்டு போனதில் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றேன். 18 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்ற முதல் சான்றிதழும் கிடைத்தது. அடுத்தது டார்ச். மூன்று வாங்கினேன், இரண்டு வீண். அந்த இரண்டும் சொல்லிக்கொடுத்ததுதான் இந்தக் கட்டுரை.

பகலில் எதற்கு டார்ச்?

கடல் நீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. ஐந்து, பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பெல்லாம் மங்கிப் பழுப்பாகிவிடும். பதினைந்து மீட்டரில் ஒரு பாறை இடுக்கில் கரிக்கட்டை போலக் கிடந்ததன்மேல் பயிற்சியாளர் டார்ச் அடித்தார். குங்குமச் சிவப்பில் ஒரு மீன் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், எனக்கென்று ஒரு டார்ச் வேண்டும்.

முதல் பாடம்: லூமெனுக்கு மயங்காதே

இணையத்தில் 900 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் வெளிச்சத்தின் அளவு 10,000 லூமென் என்று போட்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு 18650 பேட்டரி.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உடம்புக்குள் நல்ல கம்பெனி செல்லே சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணிதான் கொடுக்கும். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 13 வாட்-மணி. நல்ல எல்இடி டார்ச் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமென் தரும். அப்படியானால் 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். எட்டு நிமிடத்துக்குள் பேட்டரி காலி. ஆனால் அதே பெட்டி நான்கு மணி நேரம் எரியும் என்றும் சொன்னது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை.

கைடார்ச்சுக்கு 700 முதல் 1,000 லூமென் தாராளம். இன்னொன்று: வெளிச்சம் இரண்டு மடங்கு தூரம் எட்ட வேண்டுமானால் லூமென் நான்கு மடங்காவது வேண்டும். 1,000-க்கும் 1,200-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும்.

எரியும் நேரத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். டார்ச்சுகளுக்கான அமெரிக்கத் தரமான எஃப்எல்-1 படி, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எல்லாமே ‘எரியும் நேரம்’தான். கடைசி ஒரு மணி நேரம் மின்மினி அளவுக்கு எரிந்தாலும் கணக்கில் சேரும். முழு வெளிச்சம் எத்தனை நிமிடம் நிற்கும் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு டைவ் முக்கால் மணி நேரம் என்றால், ஒன்றேகால் மணி நேரமாவது நிற்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: மீட்டர் கணக்கில் கேள்

அந்த முதல் டார்ச்சின் முடிவு 12 மீட்டரில் வந்தது. மினுக்கியது, கண்ணாடிக்குள் பாதி தண்ணீர் ஏறியது, அணைந்தது. பகல் டைவ் என்பதால் ஆபத்தில்லை, அவமானம் மட்டும்தான். ஓ-ரிங் பள்ளம் வெட்டிச் சம்பளம் வாங்குகிறவன் கையிலேயே தண்ணீர் புகுந்த டார்ச்!

பெட்டியில் தண்ணீர் தாங்கும் தரக்குறி ஐபி68 என்று இருந்ததே? ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். அதற்கு மேலே உள்ள 8 என்ற எண்ணுக்கு ஆழம் எவ்வளவு என்பதைச் செய்தவரே சொல்ல வேண்டும். அவர் இரண்டு மீட்டர் என்றும் சொல்லலாம். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் மேலே இருப்பதைவிட 2.8 மடங்கு. ஆகவே ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். 100 மீட்டர், 150 மீட்டர் என்று ஆழத்தை எண்ணாகப் போட்டிருந்தால்தான் அது டைவிங் டார்ச். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான். மீதியெல்லாம் உங்கள் நிம்மதிக்கு.

மூன்றாம் பாடம்: மூடியைத் திருகிப் பார்

வீட்டுக்கு வந்து அதைப் பிரித்தேன். ஒரே ஓ-ரிங். அது உட்கார்ந்த பள்ளத்தில் கத்தி வரி விரல் நகத்தில் தட்டியது. எங்கள் பட்டறையில் அப்படி ஒரு பீஸ் வெட்டினால் மேஸ்திரி அதைத் தூக்கிக் குப்பையில் போடுவார்.

இப்போது கையில் எடுத்ததும் நான் பார்ப்பது இவைதான். மூடியில் இரண்டு ஓ-ரிங் இருக்கிறதா? மரை கரகரப்பில்லாமல் ஓடுகிறதா? கூட இரண்டு உபரி ஓ-ரிங் கொடுத்திருக்கிறார்களா? அடுத்தது ஸ்விட்ச். ரப்பர் பொத்தான் ஆழத்தில் அழுத்தத்துக்குத் தானாக அமுங்கலாம். தலையைத் திருகி எரியவைக்கும் வகையில் ஒவ்வொரு திருகலுக்கும் ஓ-ரிங் உரசித் தேயும். காந்தத்தை நகர்த்தி எரியவைக்கும் வகையில் உடம்பில் துளையே கிடையாது, தண்ணீர் அந்த வழியாக வர முடியாது. கொஞ்சம் விலை கூடினாலும் நான் காந்த ஸ்விட்சுக்குத்தான் கொடுப்பேன்.

நான்காம் பாடம்: தளி மூடுபனி

மார்கழி விடியற்காலையில் தளி ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் நிற்கும். கலங்கிய கடலிலும் அதுதான் நடக்கிறது. மிதக்கும் துகள்கள் வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அடிக்கும். புதுச்சேரிப் பக்கம் தண்ணீர் ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் மோர். அங்கே பத்து டிகிரிக்குள் ஒடுங்கிய கதிர்தான் ஊடுருவும். அகலமான கதிர் வீடியோ எடுப்பவர்களுக்கு. என் இரண்டாவது டார்ச் 120 டிகிரி. தண்ணீர் புகவில்லை, ஆனால் எதிரே எதுவும் தெரியவும் இல்லை. இப்போது அது வீட்டில் கரண்ட் போனால் எரிகிறது.

ஐந்தாம் பாடம்: பேட்டரியைத் தராசில் வை

9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதிய 18650 செல் சந்தையில் கிடைக்கிறது. அத்தனையும் பொய். அசல் செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். போலி பெரும்பாலும் தக்கை. மளிகைக் கடைத் தராசே காட்டிக்கொடுத்துவிடும். டார்ச்சில் மிச்சம் பிடித்தாலும் செல்லில் மிச்சம் பிடிக்காதீர்கள். விமானத்தில் அந்தமானுக்கோ இலட்சத்தீவுக்கோ போனால் உபரி செல்களைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். டார்ச்சிலிருந்து செல்லைக் கழற்றிவிடுங்கள். பைக்குள் தானாக எரிந்தால் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும்.

கிணற்றுச் சோதனை

மூன்றாவது டார்ச் 4,200 ரூபாய். கடலுக்குக் கொண்டுபோகும் முன் எங்கள் கொல்லைக் கிணற்றில் இறக்கினேன். செல்லைக் கழற்றிவிட்டு, உள்ளே டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து, மூடியை இறுக்கி, கல்லோடு சேர்த்துக் கயிற்றில் கட்டி அடிவரை விட்டேன். மறுநாள் காலை எடுத்துத் துடைத்துத் திறந்தால் தாள் மொறுமொறுவென்று இருந்தது.

கிணறு கடல் ஆழம் இல்லையே என்பீர்கள். ஓ-ரிங்கின் குணமே அழுத்தம் கூடக்கூட இடைவெளிக்குள் நெருக்கி இன்னும் இறுகுவது. பள்ளம் ஒழுங்காக இருந்து, ஒரு தலைமுடியோ மணல் துணுக்கோ சிக்கிக் கசிந்தால், அது முதல் சில மீட்டரிலேயே தெரிந்துவிடும். கிணறு இல்லாதவர்களுக்கு ஒரு பக்கெட் போதும்.

ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். ஓ-ரிங்கைத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் மினுமினுப்பாகத் தடவினால் போதும், அப்ப வேண்டாம். வேசலின் வேண்டாம், சில ரப்பர்கள் அதில் ஊதிப்போகும். தண்ணீர் புகுந்த டார்ச்சைத் திறக்கும்போது மூடியை முகத்துக்கு எதிரே பிடிக்காதீர்கள். கெட்ட செல்லிலிருந்து வரும் வாயு உள்ளே அடைந்திருந்தால் மூடி தெறிக்கும். இரவு டைவ் என்றால் சிறிய உபரி டார்ச் ஒன்று கட்டாயம். அதற்கு 200 லூமென் போதும், ஆனால் ஓ-ரிங்கில் சமரசம் கூடாது.

போன கார்த்திகையில் அப்பா அந்த 4,200 ரூபாய் டார்ச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு பரணுக்குப் போனார். கொல்லையின் அந்தக் கோடி வரை ஊசி மாதிரி வெளிச்சம் போனதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பத்து நிமிடத்தில் கை சுட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் டார்ச் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. கடலில் சுற்றியுள்ள தண்ணீரே அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். பரணில் அதற்கு ஆள் இல்லை. சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

விடிந்ததும் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“இது தண்ணியில வாழற ஜந்துடா. அங்கயே இருக்கட்டும்.”

மறுநாள் இரவு மூன்று கட்டை டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.