காஸ் தீட்டாவை மறந்தேன், நான்கு மதிப்பெண் போச்சு!

காலாண்டுத் தேர்வில் இயற்பியல் தாளில் எனக்கு நான்கு மதிப்பெண் பறிபோன கதை இது. அரையாண்டில் உங்களுக்கும் போயிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். தரையில் உள்ள பெட்டியைக் கயிறு கட்டி 50 நியூட்டன் விசையுடன் இழுக்கிறோம். கயிறு தரையோடு 60 டிகிரி சாய்ந்திருக்கிறது. பெட்டி 4 மீட்டர் நகர்ந்தால் அந்த விசை செய்த வேலை எவ்வளவு? நான் யோசிக்கவே இல்லை. 50 × 4 = 200 ஜூல் என்று எழுதி, அடிக்கோடு வேற போட்டுட்டேன்!

விடைத்தாளைக் கொடுக்கும்போது ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏம்ப்பா, பெட்டி மேலே போச்சா, முன்னாலே போச்சா?"

அப்பத்தான் உறைச்சது. சாய்வாக இழுக்கும்போது விசையின் ஒரு பங்கு பெட்டியை மேலே தூக்கப் பார்க்கிறது, இன்னொரு பங்கு முன்னால் இழுக்கிறது. பெட்டி நகர்ந்ததோ முன்னால் மட்டும். அந்தப் பங்கு 50 × காஸ் 60 = 25 நியூட்டன். வேலை 25 × 4 = 100 ஜூல். நான் எழுதியதில் சரிபாதி! மேலே தூக்கும் பங்கு தரையின் உராய்வைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அது செய்த வேலை பூஜ்ஜியம்.

வேலை = விசை × இடப்பெயர்ச்சி × காஸ் தீட்டா. தீட்டா என்பது விசைக்கும் இடப்பெயர்ச்சிக்கும் நடுவே உள்ள கோணம்.

அன்று சாயந்திரம் வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். எங்கள் தெருக் கிணற்றில் தண்ணீர் 12 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அம்மா 10 லிட்டர் வாளியில் இறைப்பாங்க. வாளி, கயிறு எடையை விட்டுவிட்டால் ஒரு வாளிக்கு 10 × 9.8 × 12 = 1176 ஜூல். அது சரி. ஆனால் குடத்தை இடுப்பில் வைத்துச் சமதரையில் வீடுவரை நடக்கிறாங்களே, அதற்கு? தாங்கும் விசை மேல்நோக்கி, நடப்பது கிடையாக. கோணம் 90 டிகிரி, காஸ் 90 பூஜ்ஜியம். "குடத்துமேல நீ செஞ்ச வேலை பூஜ்ஜியம்மா" என்றேன்.

"அப்ப என் இடுப்பு ஏன்டா வலிக்குது?" என்றாங்க.

பதில் தெரியாமல் மறுநாள் ஐயாவிடமே ஓடினேன். சுமையை அசையாமல் தாங்கக்கூடத் தசைநார்கள் விடாமல் சுருங்கி இறுகிக்கொண்டே இருக்கணுமாம். அதற்குச் சாப்பாட்டிலிருந்து வந்த ஆற்றல் செலவாகிறது. அது குடத்துக்குப் போகாமல் உடம்பிலேயே வெப்பமாகிவிடுகிறது. ஆக அம்மா சொன்னதும் சரி, சூத்திரமும் சரி. அம்மாவிடம் இதைச் சொன்ன பிறகுதான் எனக்குக் காப்பி கிடைத்தது!

இன்னொன்று. 'வேலை' என்ற சொல்லை இயற்பியலில் இந்தப் பொருளில் 1829-ல் நிலைநிறுத்தியவர் பிரான்ஸ் நாட்டு கொரியாலிஸ். புவியியலில் காற்று பாடத்தில் வருகிறாரே, அதே ஆள்தான்.

அம்மா தினமும் 20 வாளி இறைக்கிறாங்க. மொத்தம் 23,520 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். வகுத்துப் பார்த்தேன், 153 நாள் வந்தது! ஐந்து மாதம் இறைத்தால்தான் ஒரு யூனிட். அன்றைக்கே ஆள் இல்லாத அறையில் ஓடிய ஃபேனை நிறுத்தினேன்.

உங்களுக்கு ஒரு கேள்வி: காலி வாளியை மெதுவாகக் கிணற்றில் இறக்கும்போது கயிற்றின் விசை செய்யும் வேலை கூட்டலா, கழித்தலா? விடை தெரிந்தவர்கள் மதிய இடைவேளையில் பிளஸ் ஒன் 'அ' பிரிவுக்கு வாங்க. காரணத்தோடு சொல்லணும்!