வானத்தைச் சுட ஒரு சின்னக் கணக்கு

2024 அக்டோபர் 6, சென்னை மெரினா. விமானப்படையின் 92-ஆம் ஆண்டு வான் சாகசம். நீங்க எடுத்த படத்துல வெறும் வானம்தான் இருந்ததா? குறை கேமராவில் இல்லை நண்பா, கணக்கில்!

1. சத்தத்தை நம்பாதீங்க. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். 1 கி.மீ. தள்ளிப் போகும் ஜெட்டின் சத்தம் நம்மிடம் வர 3 நொடி ஆகும். மணிக்கு 720 கி.மீ. வேகம் என்றால், அதற்குள் அது 600 மீட்டர் போயிருக்கும். சத்தம் வரும் இடத்துக்கு முன்னால் தேடுங்க.

2. ஜெட்டுக்கு ஷட்டர் 1/2000. அந்த நேரத்தில் அது நகர்வது 10 செ.மீ. மட்டுமே. கேமராவையும் கூடவே திருப்பினால் படம் இன்னும் தெளிவு.

3. ஹெலிகாப்டருக்கு 1/125. சாரங் குழுவின் துருவ் விசிறி நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று சுற்றும். 1/2000-ல் அது 1 டிகிரிகூடத் திரும்பாது. பொம்மை மாதிரி நிற்கும். 1/125-ல் 14 டிகிரி திரும்பும்; பறப்பது தெரியும்.

4. வெளிச்சம். பளிச்சென்ற வானம் கேமராவை ஏமாற்றும், விமானம் கருத்துவிடும். எக்ஸ்போஷரை +1 வரை கூட்டுங்க.

பயிற்சிக்கு மெரினா வேண்டாம். சாலவாக்கம் ரோட்டில் போகும் பஸ், ஏரிக்கு வரும் கொக்கு போதும். விமானப்படைத் தளத்தின் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்பாதீங்க, அங்கே தடை.

அன்று மெரினா போன 5 பேர் வீடு திரும்பவில்லை. வெயிலும் நெரிசலும் அப்படி. லென்ஸுக்கு முன்னால் பையில் தண்ணீரும் தொப்பியும் வையுங்க. திரும்பும் வழியை முதலிலேயே பார்த்து வையுங்க. படம் அடுத்த வருஷமும் எடுக்கலாம்.