பிக்கப் வண்டியின் முன் சஸ்பென்ஷன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஃபோர் வீல் பிக்கப் வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், "முன்னாடி சாலிட் ஆக்சிலா, ஐ.எஃப்.எஸ்.ஸா?" என்று கேட்க நாலு பேர் வந்துவிடுவார்கள். சாலிட் ஆக்சிலில் இரண்டு முன் சக்கரங்களும் ஒரே இரும்புக் குழாயின் இரு முனைகளில் நிற்கும். ஒன்று கல்லில் ஏறினால் மற்றதும் சேர்ந்து சாயும். ஐ.எஃப்.எஸ்.ஸில் (இண்டிபெண்டன்ட் ஃப்ரண்ட் சஸ்பென்ஷன்) சக்கரத்துக்குச் சக்கரம் தனி ஆர்ம். இந்த வித்தியாசத்தின் மேல் எழுப்பப்பட்ட கதைகள் ஏராளம்.

நம்பிக்கை: பாரத்துக்கு சாலிட் ஆக்சில்தான். ஐ.எஃப்.எஸ். காருக்குத்தான் சரி.

உண்மை: அமெரிக்கக் கனரக ஃபோர் வீல் பிக்கப்புகளைப் பாருங்கள். ஃபோர்டு சூப்பர் டியூட்டிக்கும் ராம் 2500-க்கும் முன்னால் சாலிட் ஆக்சில். ஜெனரல் மோட்டார்ஸோ 1988 மாடலில் தொடங்கி ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு மாறியது, இன்றைய சில்வராடோ 2500, 3500 வரை அதே வழிதான். எல்லாம் ஒரே வேலைக்காக விற்கப்படும் வண்டிகள். பலத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது ஜாயிண்டின் பருமனும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் வீலின் அளவும்தான். சஸ்பென்ஷனின் பெயர் அல்ல. பாறை ஏறுகிறவர்கள் சாலிட் ஆக்சிலை விரும்புவதற்கு நியாயமான காரணம் உண்டு. ஒரு சக்கரம் மேலே தள்ளப்படும்போது அதே ஆக்சில் மறு சக்கரத்தைக் கீழே அழுத்தித் தரையில் பதியவைக்கும்.

நம்பிக்கை: லிஃப்ட் கிட் போட்டால் அடிப்பகுதி எல்லாம் உயர்ந்துவிடும்.

உண்மை: சாலிட் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் சக்கரங்களோடு சேர்ந்தே இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி மேலே போகும், டிஃபரன்ஷியல் உருண்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த வழக்கமான வழி பெரிய டயர்தான். டயர் 2 அங்குலம் உயரமானால் கிடைப்பது 1 அங்குலம். ஐ.எஃப்.எஸ்.ஸில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு பிணைந்தது. அதனால் சமதளத்தில் உயரமாகத் தெரியும், பாரத்தோடு பள்ளத்தில் இறங்கினால் சேசிஸோடு அதுவும் தாழும்.

நம்பிக்கை: டார்ஷன் பாரை முறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகும், வண்டியும் உயரும்.

உண்மை: உயரும் என்பது சரி, கெட்டியாகும் என்பது தவறு. டார்ஷன் பார் என்பது ஆர்மோடு இணைந்த நீள எஃகுக் கம்பி. அது முறுகித் திரும்புவதே ஸ்பிரிங் வேலை. அதன் விறைப்பு கம்பியின் பருமனிலும் நீளத்திலும் இருக்கிறது, அதை முறுக்கும் போல்ட்டில் இல்லை. போல்ட்டை ஏற்றினால் வண்டியின் மூக்கு உயரும். சக்கரம் கீழிறங்க வைத்திருந்த இடம் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். மேடு தாண்டியதும் 'டக்'கென்று அடிப்பது அதனால்தான். அந்த அடியைத்தான் கெட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் பட்டறையில் அப்படி 2 அங்குலம் ஏற்றிய பழைய வண்டி ஒன்றைப் பார்த்தேன். டிரைவ் ஷாஃப்ட் அளவுக்கு மீறிச் சாய்ந்து, சி.வி. ஜாயிண்டின் ரப்பர் பூட் மடிப்பு மடிப்பாய்க் கிழிந்திருந்தது. ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கருப்பு கிரீஸ். கிழிசலில் விரலை விட்டுத் தேய்த்தேன். கிரீஸோடு மணல் நறநறத்தது. நல்ல ஜாயிண்ட், யாரோ சொன்ன ஒரு வார்த்தையை நம்பியதால் வீணாய்ப் போனது. மனசு கேட்கவில்லை.

நம்பிக்கை: வண்டி குதிக்கிறதென்றால் முன் சஸ்பென்ஷன் சரியில்லை.

உண்மை: நம் ஊரில் ஓடும் ஐசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டிலும் முன்னால் காயில் ஸ்பிரிங்கோடு ஐ.எஃப்.எஸ்., பின்னால் பட்டை (லீஃப்) ஸ்பிரிங். பட்டை பாரத்துக்காகப் போட்டது. வண்டி காலியாக ஓடினால் பின்பக்கம் குதிக்கத்தான் செய்யும்.

பழைய ஐ.எஃப்.எஸ். பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விலை பேசுமுன் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நிறுத்தச் சொல்லுங்கள். குனிந்து டார்ச் அடித்து, இரண்டு பக்கமும் ரப்பர் பூட்டைப் பாருங்கள். ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெளித்திருந்தால், ஜாயிண்ட் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.