எழுதுகோல் தந்த மொழி

பேசாத பிள்ளைக்குச் சிந்தனையும் இல்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். 1989-இல் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் ஆட்டிசம் என்னும் தனி இயல்பு உடையவர். பேச்சு மிக அரிது. அன்னை சோமா அவர் கையில் பென்சிலைக் கட்டி எழுதப் பழக்கினார். 8 முதல் 11 வயதுக்குள் அவர் எழுதியவை 2000-இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. தம் உடல் சிதறிக் கிடப்பதுபோல் தோன்றுமாம். அதை ஒன்றுசேர்த்து உணரவே சுற்றிச் சுற்றி வந்தாராம்!

தொப்பூர்க் கணவாயில் இறங்கும் லாரிகளின் ஹாரன் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு சுழலும் ஒரு தங்கையைப் பார்த்து நாங்கள் சிரித்ததுண்டு. (எழுதவே வெட்கமாயிருக்கிறது.) இப்போது தாளும் வண்ணப் பென்சிலும் நீட்டுகிறோம். வட்டம் வட்டமாக வரைகிறாள். மெல்ல மூச்சு சீராகிறது. என்ன படம் என்று யாரும் கேட்கக் கூடாது. அது எங்களுக்குள் விதி.