இரண்டு வண்டி, மூன்று வயல்

தை பிறந்து சம்பாக் கதிர் முற்றியதும் நம் காரைக்கால் வட்டாரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் தேடுவது அறுப்பு மெஷினைத்தான். வயலோ பல, வண்டியோ சில. இதற்கிடையில் வானம் கறுத்தால் வயிற்றில் புளி கரைக்கும். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற நெல் டெல்டாவெங்கும் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. எந்த வண்டி எங்கே முதலில் போவது என்பது வெறும் கணக்கன்று, ஓராண்டுச் சோறு.

கணக்காகவே பார்ப்போம். திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி மூன்றிலும் ஒவ்வொரு வயல் இருப்பதாகவும், ஒவ்வொன்றையும் ஒரு வண்டி அறுக்க 6 மணி ஆவதாகவும் கொள்வோம். வண்டியை லாரியில் ஏற்றி, இறக்கி, வரப்பு தாண்டி வயலில் நிறுத்த ஒவ்வொரு முறையும் 1 மணி. இதை ஆயத்த நேரம் என்போம். நம்மிடம் இரண்டு வண்டிகள்.

வயலைப் பிரிக்காவிட்டால் ஒரு வண்டிக்கு இரண்டு வயல், 14 மணி. மற்றது 7 மணியில் முடித்துச் சும்மா நிற்கும். சரி, மூன்று வயலையும் பாதிபாதியாகப் பிரித்தால்? ஒவ்வொரு வண்டிக்கும் 9 மணி அறுப்பு, 3 மணி ஆயத்தம், ஆக 12. கோட்டுச்சேரி வயலை மட்டும் பிரித்தால் 7, 1, 3 கூட்டி 11 மணிதான். இதற்கும் குறைக்க வழியுண்டா? இல்லை. ஒரு வயலையாவது பிரித்தால் ஆயத்தம் நான்காகும். 18உம் 4உம் 22. இரண்டு வண்டிக்குப் பங்கிட்டால் 11. ஆகப் பிரிப்பது நல்லது, அளவுக்கு மிஞ்சிப் பிரிப்பது நஷ்டம்.

ஆயத்த நேரமே இல்லையென்றால் பாடம் மிக எளிது. 1959இல் ராபர்ட் மெக்நாட்டன் காட்டிய வழியில், வேலைகளை வரிசையாக நிறுத்தி, ஒரு இயந்திரத்தின் பங்கு நிரம்பியதும் வெட்டி, மீதியை அடுத்ததற்குத் தள்ளினால் போதும். ஆயத்த நேரம் வந்ததும் சிக்கல் வருகிறது. எந்த வயலையும் வெட்டாமல் இரண்டு வண்டிக்கும் சரிசமமாகப் பங்கிட முடியுமா என்று முதலில் தெரிய வேண்டுமே! 20 வயலை இரண்டு வண்டிக்குப் பங்கிட 5,24,288 வழிகள்; 30 வயலென்றால் 53 கோடிக்கு மேல். இந்தச் சமபங்குக் கேள்வி, 1972இல் ரிச்சர்ட் கார்ப் வெளியிட்ட 21 கடினமான கணக்குகளில் ஒன்று. எல்லா எண்களுக்கும் விரைந்து விடை தரும் முறையை இன்றுவரை யாரும் கண்டதில்லை; கம்ப்யூட்டரும் இங்கே விழிக்கிறது.

ஆனால் விவசாயிக்கு மிகச் சிறந்த விடைதான் வேண்டுமென்பதில்லை. மழைக்கு முன் முடிந்தால் போதும். அதற்கு மெக்நாட்டன் வழியையே சற்று மாற்றிக் கொள்ளலாம். எல்லா அறுப்பு நேரத்தோடும் வயலுக்கு ஓர் ஆயத்தம் சேர்த்து, வண்டிகளின் எண்ணிக்கையால் வகுப்போம். நம் கணக்கில் 21ஐ 2ஆல் வகுக்க 10½. எந்தத் திட்டமும் இதற்கு முன் முடியாது, ஏனெனில் எந்த வயலுக்கும் ஓர் ஆயத்தமாவது தேவை. இனி முதல் வண்டிக்கு 10½ மணி நிரம்பியதும் வெட்டி, மீதியை அடுத்த வண்டிக்குத் தருவோம். வெட்டுண்ட வயலில் இறங்க அந்த வண்டிக்கு ஓர் ஆயத்தம் கூடும், 11½ மணி. எத்தனை வயலாயினும், எத்தனை வண்டியாயினும், மிகச் சிறந்த விடையைவிட ஓர் ஆயத்த நேரத்துக்கு மேல் இம்முறை பிந்தாது. ஒரு காகிதமும் பென்சிலும் போதும். இவ்வளவு எளிய உத்தரவாதம் எங்களுக்கு வியப்பாகவே இருக்கிறது.

உதவிக்கு ஓடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. உங்கள் வண்டி முடித்த பிறகு அடுத்த வயலில் இன்னும் 2 மணி வேலை மீதி. அங்கே போய்ச் சேர 3 மணி ஆகுமென்றால், நீங்கள் போவதற்குள் அறுப்பே முடிந்துவிடும். 1 மணியில் போகலாமென்றால் மீதி 1 மணி வேலையை இருவரும் பகிர்ந்து அரை மணி மிச்சம் பிடிக்கலாம்.

தோழியர் முயன்று பார்க்க ஒரு கணக்கு: வயல்கள் 7, 5, 3 மணி, வண்டி இரண்டு, ஆயத்தம் 1 மணி. பத்து மணிக்குக் குறைவாக முடிக்க வழியுண்டு.